எண்களுக்கு முகம் வந்த கதை

1994-ம் வருஷம். இங்கிலாந்தில் லெஸ்டர் என்றொரு ஊர். அங்கே டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம். அதில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் டோபியாஸ் ஓட்டிக்கர். சுவிட்சர்லாந்துக்காரர். அவர் வேலை பார்த்த இடத்தை வெளியுலகத்தோடு இணைத்தது ஒரே ஒரு இணைய லைன். அதன் வேகம், விநாடிக்கு 64 கிலோபிட்.

64 கிலோபிட் என்றால் எவ்வளவு? உங்கள் செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ 3 எம்.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லைன் முழுவதையும் உங்கள் ஒருவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டாலும், அந்த ஒற்றைப் போட்டோ போய்ச் சேர 6 நிமிஷத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு லைனைத்தான் அத்தனை பேரும் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

தெருவுக்கு ஒரே ஒரு குழாய். சண்டை வருமா, வராதா?

ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது? யார் இழுக்கிறார்கள்? எப்போது கூட்டம் குறையும்? எல்லாருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. இதில் வேடிக்கை என்னவென்றால், பதில் அங்கேயேதான் இருந்தது. லைன் வந்து சேருகிற இடத்தில் ரௌட்டர் என்கிற பெட்டி உண்டல்லவா? அதற்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே எத்தனை பைட் வந்தது, வெளியே எத்தனை பைட் போனது. நம் வீட்டு ஈ.பி. மீட்டர் மாதிரி. ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்றால் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்காரவேண்டும். சரியான கட்டளையை டைப் செய்யவேண்டும். பத்து இலக்கத்தில் ஒரு எண் வந்து விழும். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டால், அதைவிடக் கொஞ்சம் பெரிய இன்னொரு எண்.

விஷயம் தெரிந்தவருக்கு அது பதில். மற்றவர்களுக்கு அது வெறும் எண்.

ஓட்டிக்கர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அது என்ன என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். கொஞ்சம் என்றால், இருநூறு வருஷம்.

*

எண்ணைக் கோடாகப் போட்டுக் காட்டலாம் என்கிற யோசனை மனித குலத்துக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. கணக்கு எழுதுவது பல்லாயிரம் வருஷப் பழக்கம். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று இரட்டைப் பதிவு முறையில் எழுதுவதையே இத்தாலிய வியாபாரிகள் எப்போதோ ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அந்த லெட்ஜரை ஒரு படமாகப் போட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை.

வில்லியம் பிளேஃபேருக்குத் தோன்றியது. ஸ்காட்லாந்துக்காரர். நீராவி எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக வேலை பார்த்தவர். கோடு போடத் தெரிந்த கை. ஆனால் மனசு முழுக்க வியாபாரத்தில். 1786-ல் ஒரு புத்தகம் போட்டார். பெயர், வணிக, அரசியல் அட்லஸ். அட்லஸ் என்றுதான் பெயரே தவிர, உள்ளே தேடினாலும் ஒரு தேசப்படம் கிடையாது. இருந்ததில் பெரும்பகுதி இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கு. கோடுகளாக.

ஓர் உதாரணம். டென்மார்க், நார்வேயோடு இங்கிலாந்து செய்த வியாபாரம், 1700 முதல் 1780 வரை. இறக்குமதி ஒரு கோடு, ஏற்றுமதி ஒரு கோடு. ஆரம்பத்தில் இறக்குமதிக் கோடு மேலே இருக்கிறது. இங்கிலாந்துக்குப் பாதகம். 1750-களின் நடுவில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அப்புறம் ஏற்றுமதிக் கோடு மேலே ஏறிக்கொண்டே போகிறது. சாதகம். எண்பது வருஷக் கணக்கு, பத்து விநாடியில் முடிந்தது. அதே கணக்கை அட்டவணையாகக் கொடுத்திருந்தால், இரண்டு கோடுகளும் எந்த வருஷத்தில் வெட்டிக்கொண்டன என்று கண்டுபிடிக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருந்திருக்கும்?

பிரான்ஸ் மன்னர் 16-ம் லூயியின் கைக்கு இந்தப் புத்தகம் போனதாகவும், பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டதாகவும் பிளேஃபேரே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். சார்ட் புரிந்த மன்னருக்கு நாட்டு நிலவரம் புரியாமல் போய், 1793-ல் கில்லட்டினில் தலை போனது தனிக்கதை.

இன்றைக்கு நாம் பார்க்கிற கோட்டுப் படம், பட்டைப் படம், வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டுகிற பை சார்ட் எல்லாவற்றுக்கும் இவர்தான் மூலவர். பை சார்ட் மட்டும் 1801-ல் வந்தது. ஆனால் அவர் படம் போட்டது யாருக்கு? மந்திரிகளுக்கு, பிரபுக்களுக்கு, பெரிய வியாபாரிகளுக்கு. செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டிய படங்கள். சாமானியன் தொட முடியாது.

எண் ஒருவர் கையில். படம் சில பேர் கையில். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் இதுதான் நிலைமை.

*

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. எண்ணைத் தின்று எண்ணைத் துப்புகிற யந்திரம். எல்லாருக்கும் எல்லாம் விளங்கியிருக்க வேண்டுமே? ம்ஹூம்.

கமாண்ட் லைன் என்பார்கள். மவுஸ் கிடையாது. ஐகான் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு சின்னப் புள்ளி மினுக்கிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு கட்டளை அடித்தால் அது பதிலை எழுத்தாகத் துப்பும். ஒரு வரிக்கு 80 எழுத்து. அது என்ன 80? ஐ.பி.எம். நிறுவனம் 1928-ல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. அட்டை போய்த் திரை வந்த பிறகும் அந்த 80 போகவில்லை. 1978-ல் வந்து சக்கைப்போடு போட்ட வி.டி. 100 என்கிற டெர்மினலில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. பெருக்கிப் பாருங்கள். 1,920. ஒரு நேரத்தில் உங்கள் கண்ணில் படக்கூடிய உலகம் அவ்வளவுதான்.

அதற்காகக் கறுப்புத் திரையைக் கேவலமாக நினைத்துவிடாதீர்கள். அது ஒரு மாயாஜாலப் பெட்டி.

அமெரிக்காவின் பெல் லேப்ஸில் டக் மெக்கில்ராய் என்று ஒருவர் இருந்தார். 1964-லேயே ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் பைப்பை ஒன்றோடு ஒன்று மாட்டுவதுபோல், ஒரு புரோகிராமோடு இன்னொரு புரோகிராமை மாட்ட வழி வேண்டும் என்பது சாரம். ஒன்பது வருஷம் கழித்து, 1973-ல், அவருடைய சகாவான கென் தாம்ஸன் ஒரே ராத்திரியில் அதை யுனிக்ஸ் சிஸ்டத்துக்குள் எழுதி முடித்தார். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே நெட்டுக்குத்தாக ஒரு கோடு. அதற்குப் பெயரே பைப். முதல் கட்டளையின் பதில் அப்படியே இரண்டாவது கட்டளைக்குள் வழிந்து போகும்.

இதனால் என்ன லாபம்? ஒரு லட்சம் வரிகள் கொண்ட ஒரு பதிவேடு இருக்கிறது. எத்தனை மணிக்கு யார் வந்தார்கள் என்று வரிக்கு வரி எழுதியிருக்கிறது. ஒரு கட்டளை மணியை மட்டும் பிய்த்து எடுக்கும். அடுத்தது வரிசைப்படுத்தும். அதற்கடுத்தது எண்ணும். மூன்றையும் பைப்பில் மாட்டினால், கண் மூடித் திறப்பதற்குள் 24 வரிகள் வந்து நிற்கும். எந்த மணியில் எத்தனை பேர். ஒரு குமாஸ்தா ஒரு வாரம் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை.

ஆனால் வந்தது என்ன? மறுபடியும் எண்கள்தான். இதிலிருந்து தப்பிக்க அந்தக் கால ஆசாமிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். நூறு பேருக்கு ஒரு நட்சத்திரக் குறி என்று வைத்துக்கொண்டு, எண்ணுக்குப் பதில் நட்சத்திரங்களை அச்சடித்தார்கள். 1,200 பேர் என்றால் பன்னிரண்டு நட்சத்திரம். வரி நீண்டால் கூட்டம் ஜாஸ்தி. எழுத்தை வைத்தே ஒரு பட்டைப் படம். பிளேஃபேர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

1986-ல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்ற இருவர் குனூபிளாட் என்கிற புரோகிராமை எழுதினார்கள். எண்கள் கொண்ட ஒரு ஃபைலைக் கொடுத்து ஒரு வரி கட்டளை அடித்தால், அழகாகக் கோடு போட்டுக் கொடுத்துவிடும். இன்றைக்கும் விஞ்ஞானிகள் பயன்படுத்துகிற சமாசாரம் இது.

சரி, பிரச்னை தீர்ந்ததா என்றால், பாதிதான். படம் யார் மேஜையில் இருக்கிறதோ அவருக்குத்தான் தெரியும். அடுத்த ஊரில் இருப்பவர் பார்க்கவேண்டுமென்றால் பிரிண்ட் எடு, கவரில் போடு, இல்லாவிட்டால் ஃபேக்ஸ் அனுப்பு.

இது ஒரு பெரிய விஷயமா என்று நினைக்கிறீர்களா? குனூபிளாட் வந்த அதே 1986-ல் என்ன நடந்தது என்று பாருங்கள்.

*

ஜனவரி 27, ராத்திரி. மறுநாள் காலை புளோரிடாவிலிருந்து சேலஞ்சர் விண்கலம் கிளம்பவேண்டும். அதன் ராக்கெட் பூஸ்டர்களைத் தயாரித்துக் கொடுத்த நிறுவனம் மார்ட்டன் தையோகால். அதன் என்ஜினீயர்கள் யூட்டா மாநிலத்தில். நாஸா அதிகாரிகள் சிலர் அலபாமாவில், சிலர் புளோரிடாவில். மூன்று ஊருக்கும் நடுவே டெலிபோன் கூட்டம். என்ஜினீயர்களின் தாள்கள் ஃபேக்ஸில் வந்தன.

பூஸ்டரின் இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் உண்டு. குளிரில் ரப்பர் விறைத்துவிடும். சூடான வாயு கசியும். மறுநாள் கடும் குளிர் என்று வானிலை அறிக்கை சொல்லிவிட்டது. 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது கிட்டத்தட்ட 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, பறக்கவேண்டாம் என்றார்கள் என்ஜினீயர்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள் எதிர்முனையில்.

முன்னால் வளையத்தில் கோளாறு வந்த பயணங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 53 டிகிரியில் கோளாறு வந்திருக்கிறது. 75 டிகிரியிலும் வந்திருக்கிறது. அப்புறம் குளிருக்கும் கோளாறுக்கும் என்ன சம்பந்தம்? கேள்வி நியாயமாகத்தான் தோன்றியது. கடைசியில் தையோகால் நிர்வாகம் தன் என்ஜினீயர்களின் பேச்சை ஒதுக்கிவிட்டுச் சம்மதம் சொன்னது.

ஜனவரி 28, காலை 11.38. வெளியே 36 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் சொன்னால் சுமார் 2 டிகிரி. கிளம்பிய 73-வது விநாடியில் சேலஞ்சர் சிதறியது. உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர், கிறிஸ்டா மெக்காலிஃப் என்கிற பள்ளிக்கூட டீச்சர்.

பிறகு ரோஜர்ஸ் கமிஷன் விசாரித்தது. கோளாறு வந்த பயணங்களை மட்டும் பார்க்காமல், எல்லாப் பயணங்களையும் வெப்பநிலை வாரியாக வைத்துப் பார்த்தது. 66 டிகிரியிலோ அதற்கு மேலோ கிளம்பியவை 20. அதில் கோளாறு 3. 63 டிகிரியிலோ அதற்குக் கீழோ கிளம்பியவை 4. அதில் கோளாறு?

4.

நாலுக்கு நாலு. ஒரு தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால் சின்னப் பையனுக்குக்கூடப் புரியும். அந்த ஒரு படத்தைப் போட்டிருந்தால் ஏழு உயிர் பிழைத்திருக்கும் என்று எட்வர்ட் டஃப்டி என்கிற அறிஞர் பின்னால் எழுதினார். அந்த ராத்திரி கூட்டத்தில் இருந்த என்ஜினீயர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜோலி இதைக் கடுமையாக மறுத்தார். எல்லாப் பயணங்களின் வெப்பநிலை விவரமும் அன்றைக்கு எங்கள் கையில் இல்லை, பறக்காதே என்று நாங்கள் தெளிவாகச் சொன்னோம், முடிவெடுத்தது வேறு ஆட்கள் என்பது அவர் தரப்பு.

யார் சொல்வது சரி என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு. எண்கள் இருந்தன. ஆனால் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே. முடிவெடுக்கிறவர்களின் கண்ணெதிரே ஒரே படமாக அவை வரவில்லை.

*

இப்போது பிரௌசருக்கு வரலாம்.

1989-ல் ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். அதுதான் வெப். அவர் எழுதிய முதல் பிரௌசர் நெக்ஸ்ட் என்கிற விலை உயர்ந்த கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். மற்ற கம்ப்யூட்டர்களுக்காக நிக்கோலா பெல்லோ என்ற மாணவி இன்னொரு பிரௌசர் எழுதினார். அது எதில் ஓடியது தெரியுமா? நம் கறுப்புத் திரையில்! வெறும் எழுத்து. படம் கிடையாது. லிங்க்குக்கு எண் போட்டிருக்கும். எண்ணை டைப் செய்தால் அடுத்த பக்கம். ஊர் உலகத்துக்கெல்லாம் முதலில் வெப்பைக் காட்டியது அதுதான்.

1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் வந்தது. மார்க் ஆண்ட்ரீஸன், எரிக் பினா இருவரின் கைவண்ணம். எழுத்தோடு எழுத்தாக, அதே பக்கத்தில் படத்தையும் காட்டி, பரவலாக மக்களிடம் போய்ச் சேர்ந்த பிரௌசர்.

அடுத்த வருஷம் லெஸ்டரில் நம் ஓட்டிக்கர் இரண்டையும் கோத்தார். ஒரு பக்கம், ரௌட்டர் துப்புகிற எண். இன்னொரு பக்கம், படம் காட்டத் தெரிந்த பிரௌசர். நடுவே பெர்ல் மொழியில் ஒரு சின்ன புரோகிராம்.

அது செய்த வேலை இவ்வளவுதான். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ரௌட்டரிடம் மீட்டர் ரீடிங் கேட்கும். போன ரீடிங்கைக் கழிக்கும். 300 விநாடியால் வகுக்கும். இப்போதைய வேகம் தெரிந்துவிடும். அதை ஒரு கிராஃபாக வரைந்து, ஒரு வெப் பக்கத்தில் ஒட்டிவிடும். உள்ளே வருவது பச்சை. வெளியே போவது நீலக் கோடு. ஒரு நாளுக்கு ஒரு கிராஃப், ஒரு வாரத்துக்கு, ஒரு மாதத்துக்கு, ஒரு வருஷத்துக்கு. மொத்தம் நான்கு. 1995-ல் இதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார். பெயர், மல்ட்டி ரௌட்டர் டிராஃபிக் கிராஃபர். சுருக்கமாக எம்.ஆர்.டி.ஜி.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் என்றால் நாளுக்கு 288. வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். ஃபைல் வீங்கிக்கொண்டே போகவேண்டும் அல்லவா? போகாது. நம் வீட்டுக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றைய செலவு என்றால் கொத்தமல்லிக் கட்டு வரை ஞாபகம் இருக்கும். போன மாதம் என்றால் மளிகை மொத்தம் எவ்வளவு என்று தெரியும். போன வருஷம் என்றால் குத்துமதிப்பாக ஒரே எண். அதே முறைதான். புது எண்கள் ஐந்து நிமிஷ விவரத்தோடு இருக்கும். பழசாக ஆக, அரை மணி சராசரி, இரண்டு மணி நேரச் சராசரி, கடைசியில் ஒரு நாளுக்கு ஒரு சராசரி என்று சுருங்கிவிடும். ஃபைல் வீங்காது.

மீட்டரிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஸ்கூட்டரில் 99,999 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பூஜ்ஜியத்துக்குத் திரும்பும் இல்லையா? ரௌட்டர் மீட்டரும் சுமார் 429 கோடியைத் தொட்டதும் பூஜ்ஜியமாகிவிடும். 64 கிலோபிட் லைனில் அதற்கு ஆறு நாளாகும். கவலையே இல்லை. ஆனால் 100 மெகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் ஆறு நிமிஷம்கூட ஆகாது. அதனால்தான் பிற்பாடு இன்னும் பெரிய மீட்டர் வைக்கவேண்டி வந்தது.

சரி, ஒரு கிராஃபால் என்ன பெரிதாக மாறிவிடும்?

எம்.ஆர்.டி.ஜி. படத்தில் ராத்திரி பள்ளமாக இருக்கும். பகல் மலையாக இருக்கும். அந்த மலைக்குக் கூரான உச்சி இருந்தால் பிரச்னை இல்லை. உச்சி மழுங்கி, மேஜை மாதிரி தட்டையாக மணிக்கணக்கில் நீண்டால், லைன் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ள என்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் போதும்.

முன்பெல்லாம் நெட் ஏன் மெதுவாக இருக்கிறது என்று கேட்டால், கறுப்புத் திரைக்காரர் என்ன சொல்கிறாரோ அதுதான் பதில். சரிபார்க்க வழி கிடையாது. இப்போது அவரும் நீங்களும் ஒரே படத்தைப் பார்க்கிறீர்கள். எண், ஒருத்தரின் சொந்தச் சரக்காக இருந்த காலம் அங்கே முடிந்தது.

பி.காம். படித்தவனுக்கு இதில் இன்னொரு சுவாரசியம். கிராஃப் வந்ததும் பின்னாலேயே பில் வந்தது. இணைய வியாபாரத்தில் 95-வது சதமானம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு மாதத்தின் ஐந்து நிமிஷ ரீடிங்குகள் எல்லாவற்றையும் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்துவார்கள். முப்பது நாளுக்கு 8,640 ரீடிங். அதில் உச்சத்தில் இருக்கிற 5 சதவிகிதத்தை, அதாவது 432 ரீடிங்கைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அடுத்து வருகிற எண்ணுக்குத்தான் பணம். 432-ஐ ஐந்தால் பெருக்கினால் 2,160 நிமிஷம். அதாவது மாதத்தில் 36 மணி நேரம் நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் கணக்கில் சேராது. 37-வது மணி நேரத்திலிருந்து பில் எகிறும். விற்கிறவர், வாங்குகிறவர் இருவர் கையிலும் கிராஃப் இருந்தால் தகராறு வந்தாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

*

ஓட்டிக்கர் 1999-ல் இன்னும் பெரிய கருவி ஒன்றை, ஆர்.ஆர்.டி. டூல் என்ற பெயரில், வெளியிட்டார். இணைய லைன் என்றில்லை, ரூம் டெம்பரேச்சர் வரை எதற்கு வேண்டுமானாலும் கிராஃப் போடலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான குறை. படத்தை வரைவது எங்கோ இருக்கிற சர்வர். பிரௌசர் அதை வாங்கிக் காட்டும், அவ்வளவுதான். அந்தக் கோட்டில் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு என்ன எண் என்று கேட்டால் படம் பேசாது.

பேச வைத்தது அடுத்த தலைமுறை. எஸ்.வி.ஜி. என்று, கோடுகளை எழுத்தாலேயே விவரிக்கிற ஒரு முறை 2001-ல் அதிகாரபூர்வமாக வந்தது. மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அது புரிவதற்கு 2011 வரை ஆனது. அதே 2011-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மைக் போஸ்டாக், வாடிம் ஓகியெவெட்ஸ்கி, ஜெஃப்ரி ஹீர் மூவரும் டி3 என்கிற கருவியை வெளியிட்டார்கள். இதில் சர்வர் படம் அனுப்பாது. எண்களையே அனுப்பிவிடும். வரைகிற வேலையை உங்கள் பிரௌசர் பார்த்துக்கொள்ளும். மவுஸை மேலே கொண்டுபோனால் எண் தெரியும். வேண்டிய தேதியை மட்டும் பெரிதாக்கலாம். வேண்டாததை மறைக்கலாம்.

அதாவது, படத்தோடு சேர்த்து அதற்குக் காரணமான எண்ணும் உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2020-ல் உலகத்துக்கே தெரிந்தது. அந்த வருஷம் ஜனவரி 22-ம் தேதி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லாரன் கார்ட்னரும் அவருடைய மாணவர் என்ஷெங் டோங்கும் கொரோனா கணக்கைக் காட்டும் ஒரு வெப் பக்கத்தைத் திறந்தார்கள். 2023 மார்ச் வரை அது இயங்கியது. எல்லாரும் பார்த்தது கறுப்புப் பின்னணியில் சிவப்பு வட்டங்களை. அதற்குப் பின்னால் இருந்தவையோ சாதாரண எழுத்து ஃபைல்கள். நடுவே காற்புள்ளி போட்டுப் பிரித்த எண்கள். அவற்றையும் பொதுவில் வைத்துவிட்டார்கள். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும், ஒரு வரிக் கட்டளையில் அதை இறக்கி, நீங்களே உங்கள் சார்ட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டில் கோவிட்19இந்தியா என்ற பெயரில் தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு தளம் நடத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு மாநில அரசும் ஒவ்வொரு விதமாக அறிக்கை விடும். ஒருவர் பி.டி.எஃப். கொடுப்பார். இன்னொருவர் படமாகப் போடுவார். இவர்கள் தினமும் அதை எல்லாம் பொறுக்கி, மாவட்ட வாரியாக எண்ணாக்கி, பிரௌசரில் கோடாக்கிக் காட்டினார்கள். 2021 அக்டோபர் 31-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் தன் மாவட்டத்துக் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, மறுநாள் ஊருக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுத்த குடும்பங்கள் எத்தனை!

ஆனால் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொது சுகாதாரத் துறை தன் வெப்சைட்டில் ஒரு பட்டைப் படம் போட்டது. கொரோனா எண்ணிக்கை படிப்படியாக, அழகாக இறங்கிக்கொண்டே வந்தது. சந்தோஷமான படம். யாரோ சிலர் அடியில் இருந்த தேதிகளைப் படித்தார்கள். அவை வரிசையில் இல்லை. ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் முன்னும் பின்னுமாகத் தாவின. பெரிய எண் முதலில், சின்ன எண் கடைசியில் என்று பட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அப்படி அடுக்கினால் எந்த நோயும் இறங்குவதாகத்தான் தெரியும்! ஊர் சிரித்தது. படம் திருத்தப்பட்டது. மன்னிப்பும் கேட்டார்கள்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. அந்தப் படம் ஓர் அதிகாரியின் மேஜைமேல் மட்டும் இருந்திருந்தால், அதை வைத்தே அடுத்த முடிவு எடுக்கப்பட்டிருக்கும். பிரௌசரில் இருந்ததால் மாட்டிக்கொண்டது. பொதுவில் வைத்த பொய்க்கு ஆயுசு கம்மி.

ஆகவே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பங்குச்சந்தையோ, தேர்தலோ, மழை அளவோ, அடுத்த முறை செல்போனில் ஒரு சார்ட் வந்தால் நாலு விஷயம் பாருங்கள். இடப்பக்கக் கோடு பூஜ்ஜியத்தில் ஆரம்பிக்கிறதா, இல்லை நடுவிலிருந்தா? கீழே தேதிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கின்றனவா? காட்டியிருப்பது நிஜ எண்ணா, சராசரியா? சராசரி என்றால் ஒரு நாள் முழுக்க லைன் திணறியதுகூட வருஷப் படத்தில் தெரியாமல் போகலாம்.

நாலாவதுதான் முக்கியம். இந்தப் படத்தில் எதை விட்டுவிட்டார்கள்? கோளாறு வந்தவற்றை மட்டும் காட்டினால், கோளாறு வராதவை எங்கே என்று கேளுங்கள். 1986 ஜனவரி 27-ம் தேதி ராத்திரி, அந்த டெலிபோன் கூட்டத்தில் மேஜைக்கே வராமல் போனவை அவைதான்.